இதயமும் இழைமணியும்



மூச்சு எங்கே நடைபெறுகிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் மார்பைத் தொட்டுக் காட்டுவோம். நுரையீரல் விரிகிறது, சுருங்குகிறது. காற்று உட்புகுகிறது, வெளிவருகிறது. இதனையே மூச்சென்று சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் நுரையீரல் மூச்சுக்கு வாயிற்படியே அன்றி வீடு அன்று. அங்கே புகுந்த பிராணவாயு, அதாவது ஆக்சிஜன், குருதியில் ஏறி, நுண்ணிய குழாய்களின் வழியே சென்று, ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் நுழைந்து, அங்குள்ள இழைமணி என்னும் மிகச் சிறிய உறுப்பைச் சென்றடைகிறது. அங்கேதான் அது செலவாகிறது. மெய்யான மூச்சு அங்கேதான்.

இவ்விழைமணி கெட்டால் இதயம் எவ்வாறு கெடுகிறது என்பதே நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்ட பொருள். இதனைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்து மாணவர்களுக்கு இதனைச் சொல்ல இன்னொரு வழி இருக்கிறது. இழைமணி நின்றால் மனிதன் என்ன ஆவான் என்பதை அவ்வட்டாரம் தன் தொழிலிலேயே கண்டிருக்கிறது. ஆனால் அதற்கு இப்பெயர் இட்டு அழைத்ததில்லை.

தோல் பதனிடும் முறையை முதலில் பார்ப்போம். உப்பிட்டு வரும் தோலை நீரில் ஊறவைத்து, அழுக்கும் உப்பும் போன பின்பு சுண்ணாம்பில் இடுகிறார்கள். மயிர் எளிதில் கழன்று வருவதற்காகச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு என்னும் உப்பையும் சேர்ப்பார்கள். பிறகு சதைப்பகுதியைச் சுரண்டி நீக்கிச் சுண்ணாம்பைப் போக்குவார்கள்; அடுத்து உப்பும் அமிலமும் கலந்த நீரில் புரட்டுவார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று பெரும்பகுதி குரோமிய உப்பு அவ்வேலையைச் செய்கிறது.

சோடியம் சல்பைடு, சுண்ணாம்பு நீர் போன்ற காரத்தில் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். அதே நீரில் அமிலம் கலந்தால், ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவாக மாறிக் கிளம்பிவிடும். சுண்ணாம்புக் கழிவும் அமிலக் கழிவும் ஒரே தொட்டியில் சேருமிடத்தில் இது நிகழக்கூடும். சுண்ணாம்பு போக்கும் கட்டத்திலேயே சிறிதளவு எழும். கழிவுநீர்த் தொட்டியின் அடியில் தங்கும் சேற்றிலோ, பிராணவாயு இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டு உப்புகளை உண்டு இதே வாயுவைப் பகலும் இரவும் உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. சேறு அசையாதிருக்கும்போது வாயு அதனுள்ளேயே அடைபட்டிருக்கும். ஒருவன் இறங்கி மண்வெட்டியால் அதைக் கிளறினால், குலுக்கித் திறந்த சோடாப் புட்டிபோல ஒரே வீச்சில் வெளிப்படும்.

1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்து, தோல் தொழிற்சாலைகள் கழிவுநீரைத் தூய்மை செய்தே வெளியேற்ற வேண்டுமென்று வற்புறுத்தியது. பாலாற்றுக்காகவும் கிணறுகளுக்காகவும் அது செய்யப்பட வேண்டியதே. ஆனால் தூய்மை செய்யும் நிலையம் என்றால் தொட்டிகளும் குழாய்களும் மூடிய குழிகளும் உண்டு. அவற்றைத் துப்புரவு செய்ய இறங்கும் மனிதரும் உண்டு. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டதை நாடு முழுவதும் அறிந்தது. அது சேற்றின் வேகத்தால் நேர்ந்த சாவு. வாயுவால் நேரும் சாவு ஓசையற்றது. குழியில் இறங்கியவன் மேலே வரவில்லை, அவனைத் தேடி இறங்கியவனும் வரவில்லை என்று செய்தித்தாளின் உட்பக்கத்தில் நான்கு வரிகளோடு அது முடிந்துவிடும்.

இதிலுள்ள புதிரைக் கவனியுங்கள். கிணற்றில் தூர் வார இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பது நம் ஊர்களின் பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே பிராணவாயு இல்லை என்பது பொருள். அறிவுள்ள வழக்கமே. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு மனிதனை வீழ்த்துவதற்குக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். எஞ்சிய காற்றில் பிராணவாயு ஏறக்குறைய நூற்றுக்கு 21 பங்கு என்ற வழக்கமான அளவிலேயே இருக்கும். விளக்கு சிறிதும் மங்காது. இதற்கு மேலும் ஒன்று உண்டு: அவ்வாயு நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேற்பட்டால் தானே தீப்பற்றும். ஆகவே தோல் கழிவுக் குழியில் விளக்கை இறக்குவது சோதனையாகாது. தீ விபத்துக்கு வழியாகும்.

நுரையீரல் நிறையக் காற்று இருக்கிறது, குருதி நிறையப் பிராணவாயு இருக்கிறது. ஆயினும் மனிதன் ஓரிரு மூச்சில் சாய்கிறான். ஏன்? விடை இழைமணியில் இருக்கிறது.

1890ஆம் ஆண்டில் ஆல்ட்மான் என்ற ஜெர்மானியர் உயிரணுக்களுக்குள் சிறுசிறு மணிகள் நிறைந்திருப்பதைச் சாயமேற்றிக் காட்டினார். 1898இல் பெண்டா என்பவர் அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அப்பெயர் இழையையும் மணியையும் குறிக்கும் சொற்களால் ஆனது. நம் பாடநூல்களில் வழங்கும் இழைமணி என்ற சொல் அதற்கு நேரான ஆக்கம், அழகான ஆக்கமும்கூட. அவை செய்யும் வேலை என்னவென்பது தெளிவாக இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

உண்ட உணவிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்களை இழைமணியின் உட்சவ்வில் வரிசையாக அமைந்த புரதங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கைமாற்றுகின்றன. கட்டடம் கட்டுமிடத்தில் ஆட்கள் வரிசையில் நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதுபோலத்தான். வரிசையின் கடைசியில் நிற்பது சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதி. இரும்பும் செம்பும் கொண்ட அந்நொதி, வந்துசேரும் எலெக்ட்ரானைப் பிராணவாயுவிடம் ஒப்படைத்து அதை நீராக்குகிறது. நாம் உள்ளிழுக்கும் பிராணவாயுவில் பெரும்பங்கு இங்கேதான் முடிகிறது. இக்கைமாற்றத்தில் பிறக்கும் விசையைக் கொண்டு இழைமணி தன் சவ்வின் ஒருபுறத்தில் ஹைட்ரஜன் அயனிகளைத் தேக்குகிறது. மேட்டூர் அணையில் தேங்கிய நீர் மதகின் வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் தருவதுபோல, தேங்கிய அயனிகள் ஒரு நுண்ணிய சுழலியின் வழியே திரும்பப் பாயும்போது ஏ.டி.பி. என்னும் பொருள் உண்டாகிறது. பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் 1961இல் இக்கருத்தை வெளியிட்டபோது நம்பினவர் சிலரே. 1978இல் அதற்காகவே அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஏ.டி.பி.யைப் பற்றிச் சொல்லும்போது ஒருவரைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து தசையின் வேதியியலை ஆராய்ந்தார். 1927இல் அவ்விருவரும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். 1929இல் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியே அதைக் கண்டார். தசை சுருங்குவதற்கான நாணயம் ஏ.டி.பி. என்றால், அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளும் சில்லறைச் சேமிப்பு பாஸ்போகிரியேட்டின். இவ்விரண்டையும் கண்டவர்களுள் ஒருவர் நம் சென்னையில் படித்தவர் என்பதை இங்குள்ள மருத்துவ மாணவர்களே பலர் அறியார்.

இப்போது இதயத்துக்கு வருவோம். அது ஏறக்குறைய 300 கிராம் எடையுள்ள தசை. நாளொன்றுக்கு ஒரு இலட்சம் முறைக்குக் குறையாமல் துடிக்கிறது. அதன் தசையணுவின் பருமனில் மூன்றில் ஒரு பங்கை இழைமணிகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு நாளில் அது ஆக்கிச் செலவிடும் ஏ.டி.பி. ஏறக்குறைய ஆறு கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தன் எடையைப்போல் இருபது மடங்கு! ஆனால் ஒரு கணத்தில் இதயத்தில் இருப்பில் உள்ள ஏ.டி.பி. ஒரு கிராமுக்கும் குறைவு. கணக்கில் விருப்பமுள்ளவர்கள் வகுத்துப் பாருங்கள்: புதிதாக உண்டாவது நின்றுவிட்டால் இருப்பு பத்து வினாடி அளவுக்கே தாங்கும். பாஸ்போகிரியேட்டின் இன்னும் சில வினாடி கொடுக்கும். கையோ காலோ களைத்தால் ஓய்வெடுக்கலாம். பிராணவாயு போதாதபோது சற்று நேரம் அதில்லாமலே சமாளிக்கலாம். இதயத்துக்கு அந்த வசதி மிகக் குறைவு. தனக்கு வரும் குருதியிலுள்ள பிராணவாயுவில் நூற்றுக்கு எழுபது பங்கை ஓய்வு நேரத்திலேயே எடுத்துவிடுகிறது. மேலும் வேண்டுமானால், மேலும் குருதி வந்தாக வேண்டும். அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் செலவழிக்கும் குடும்பம்போல அது வாழ்கிறது.

குழிக்குத் திரும்புவோம். ஹைட்ரஜன் சல்பைடு உட்புகுந்ததும், வரிசையின் கடைசியில் நிற்கும் அந்தச் சைட்டோகுரோம் ஆக்சிடேசைப் பற்றிக்கொள்கிறது. கடைசி ஆள் சட்டியை வாங்காமல் நின்றுவிட்டால் வரிசை முழுவதும் நின்றுவிடுமன்றோ? பிராணவாயு வாயிலில் காத்திருக்கிறது, வாங்குவார் இல்லை. குருதி கொண்டுவந்த பிராணவாயுவைப் பெரும்பாலும் கொடுக்காமலே திரும்பிச் செல்கிறது. முதலில் வீழ்வது மூளை. மூச்சை ஆளும் மூளைப்பகுதி செயலிழந்து மார்பின் அசைவு நிற்கிறது. இதயத்தின் இழைமணிகளும் அதே வாயுவால் கட்டுண்டு சுருங்கும் வலிமையை இழக்கின்றன. சயனைடும் இதே நொதியைத்தான் தாக்குகிறது என்றால் இவ்வாயுவின் கொடுமை விளங்கும்.

இத்தொழில்நோய் புதிதன்று. மலக்குழி துப்புரவு செய்வோரின் கண்கள் எரிந்து சிவந்து பார்வை கெடுவதை, இத்தாலிய மருத்துவர் ரமட்சினி 1700இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலிலேயே எழுதிவைத்தார்.

நோயாளியின் வீட்டில் நிகழும் மாரடைப்பும் இதே கதைதான். தொடங்கும் முனை மட்டும் வேறு. குழியில் பிராணவாயு இருந்தும் இழைமணியால் அதை வாங்க முடியவில்லை. மாரடைப்பில் இழைமணி காத்திருக்கிறது. இதயத் தமனி அடைபட்டதால் பிராணவாயு வரவில்லை. ஒரு நிமிடத்துக்குள் அப்பகுதித் தசை சுருங்குவதைக் கைவிடுகிறது. அது சாவன்று; இருக்கும் சிறு இருப்பைக் காத்துக்கொள்ளும் தற்காப்பு. ஏறக்குறைய இருபது நிமிடத்துக்குப் பின்பு அணுக்கள் மீளாத வகையில் மடியத் தொடங்குகின்றன. மார்பு வலி கண்டவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அடைப்பைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் இயற்கை ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. பட்டினி கிடந்த இழைமணிக்குள் குருதி திடீரென்று பாயும்போது, அளவுக்கு மீறிய கால்சியமும், பிராணவாயுவிலிருந்து பிறக்கும் கொடிய வினைபொருள்களும் அதைத் தாக்குகின்றன. உட்சவ்வில் ஒரு துளை திறந்து, தேக்கிவைத்த அயனிகள் வீணே வடிகின்றன. காப்பாற்ற வந்த குருதியே சில அணுக்களைக் கொன்றுவிடுகிறது. இத்துளையை மூடச் சைக்லோஸ்போரின் என்ற மருந்து உதவுமா என்று ஆராய்ந்தார்கள். 2008இல் 58 நோயாளிகளிடம் செய்த சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. 2015இல் ஏறக்குறைய ஆயிரம் நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வில் பயன் ஒன்றும் தெரியவில்லை. கொள்கை அழகாயிருப்பதால் மட்டும் மருந்து பலித்துவிடாது. இழைமணிக்கு வலுவூட்டும் மாத்திரை என்று கடைகளில் விற்பவற்றைப் பார்க்கும்போது இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாரடைப்பு நிமிடங்களில் நிகழ்வது. ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழும் இதயத் தளர்ச்சி ஒன்றுண்டு. முற்றிய நிலையில் அவ்விதயத்தின் ஏ.டி.பி. இருப்பு மூன்றில் ஒரு பங்குவரை குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பாஸ்போகிரியேட்டின் அதற்கும் முன்னரே குறைகிறது. நீரிழிவு இருந்தால் இதயம் சர்க்கரையை விட்டுக் கொழுப்பையே மிகுதியாக எரிக்கிறது. அதே அளவு ஏ.டி.பி.க்குக் கொழுப்பு அதிகப் பிராணவாயுவைக் கேட்கும். கஞ்சத்தனமாகச் செலவிட வேண்டிய இடத்தில் அது ஊதாரித்தனம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1991 முதல் 1994 வரையிலும், மீண்டும் 2010 முதல் 2012 வரையிலும் ஆய்வு நடத்தினார்கள். அவ்விடைக்காலத்தில் நீரிழிவும் உடற்பருமனும் நகரத்தோடு நில்லாமல் கிராமத்திலும் பெருகியிருப்பது தெரிந்தது. ஆகவே இது பணக்காரர் நோய் என்று ஆம்பூரின் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்பவர் ஒதுக்கிவிட முடியாது. உடலுழைப்பால் கைகால் தசைகளின் இழைமணிகள் பெருகும் என்பதை ஹாலொசி என்பவர் 1967இல் எலிகளை நாள்தோறும் ஓடவைத்துக் காட்டினார். அவ்வாறு பழகிய தசைகள் இருந்தால், அதே வேலைக்கு இதயம் படும் பாடு குறைகிறது.

அதே வேலூர் மருத்துவமனையில் இழைமணியை வேறு விதமாகக் காக்கிறார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே கட்டிலோடு தொடங்கிய அந்நிலையம், இந்தியாவில் திறந்த இதய அறுவை வேரூன்றிய முதல் இடங்களில் ஒன்றாக வளர்ந்தது. இதயத்தைத் திறந்து செப்பனிட வேண்டுமானால் அதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அதற்குக் குருதி கிடைக்காது. பத்து வினாடி இருப்புள்ள உறுப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் எப்படிப் பிழைக்கும்? பொட்டாசியம் கலந்த குளிர்ந்த நீர்மத்தை இதயத் தமனிகளில் செலுத்துகிறார்கள். இதயம் தளர்ந்த நிலையில் நின்றுவிடுகிறது; குளிர்ச்சியால் அணுவின் வேலைகளும் மந்தமாகின்றன. பிராணவாயுத் தேவை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வருவாய் இல்லாத நாளில் செலவை நிறுத்திக் குடும்பத்தைக் காப்பது போன்றது இம்முறை. மூடிய குழியில் விழுந்தவனுக்கு இந்த அவகாசம் இல்லை. அவனுடைய இதயம் முழுத்தேவையோடு துடித்துக்கொண்டிருக்கும்போதே உலை அணைகிறது.

வியப்பான செய்தி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இத்தனை கொடிய ஹைட்ரஜன் சல்பைடை நம் உடலே மிகமிகச் சிறிய அளவில் உண்டாக்குகிறது. அது குருதிக் குழாய்களைத் தளரச் செய்கிறது. அதனை உண்டாக்கும் நொதி ஒன்றை நீக்கிய எலிகளுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்ததை 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இழைமணியோ சிறிதளவு சல்பைடை எரித்து அதிலிருந்தும் ஆற்றலைப் பெறுகிறது. இதனால் குழியில் விழுந்தவனுக்கு ஒரு நற்செய்தி உண்டு. நொதியைப் பற்றிய பிடி நிலையானதன்று. வாயு மேலும் உட்செல்வது நின்றால், இழைமணி தன்னைக் கட்டிய சல்பைடைத் தானே எரித்து மெல்ல விடுபடும். விரைவில் வெளியே எடுத்துப் பிராணவாயு கொடுக்கப்பட்டவர்கள் பிழைத்ததுண்டு. அவர்களுள் சிலரிடம் இதயத் தசை பாதிக்கப்பட்டதும் பின்னர்க் காணப்பட்டுள்ளது. ஆகையால் எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லவே வேண்டும்.

வெளியே எடுப்பது எப்படி என்பதே கேள்வி. இறங்கிய தம்பி சாய்வதைக் கண்ட அண்ணன் ஒரு கணமும் யோசியாமல் குதிக்கிறான். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். துணி வாயுவைத் தடுக்காது. மூக்கும் துணைசெய்யாது. அழுகிய முட்டையின் நாற்றம்போன்ற இதன் மணத்தை, காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும்போதே நாம் உணர்கிறோம். பத்து இலட்சத்தில் நூறு பங்கானதும் மணமறியும் நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் நேரமே மிக ஆபத்தான நேரம். இவ்வாயு காற்றைவிடச் சற்றுக் கனமானது. ஆதலால் குழியின் அடியில் தங்கும். விழுந்தவனைத் தூக்கக் குனியும்போது அது மேலும் அடர்ந்திருக்கும்.

இறங்காமலே சேற்றை உறிஞ்சும் பொறிகள் உள்ளன. இறங்கியே தீரவேண்டிய இடத்தில், முன்னதாகக் காற்றாடி வைத்துத் தூய காற்றைச் செலுத்த வேண்டும். வாயுவை அளக்கும் கருவியைக் கயிற்றில் இறக்கிப் பார்க்க வேண்டும். அக்கருவிகள் பெரும்பாலும் பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு இருந்தாலே ஒலியெழுப்பும்படி அமைக்கப்பட்டவை. இறங்குபவருக்கு வெளியிலிருந்தோ தோளில் சுமந்த உருளையிலிருந்தோ காற்று தரும் முகமூடி வேண்டும். உடலில் வாரும் கயிறும் பூட்டி, மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கயிறு இருந்தால் சாய்ந்தவரை மேலிருந்தே இழுத்துவிடலாம். இரண்டாமவர் இறங்க வேண்டியதில்லை. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், சல்பைடுக்கு மாறாக நொதிகளைக் கொண்டு மயிர் களையும் முறைகளை நெடுங்காலமாக உருவாக்கி வருகிறார்கள். தொட்டிக்குள் சல்பைடு செல்லும் அளவு குறைந்தால், அடியில் எழும் வாயுவும் அந்த அளவுக்குக் குறையும்.